புளோயருக்குப் போட்ட மாலை

புரட்டாசி 8, புதன்

வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நேற்று பாக்டீரியாவைக் காபி போட்டுக் குடித்துவிட்டேன்.

நான் மட்டும் குடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதலாளி தங்கமுத்துவுக்கும் கொடுத்தேன். பாய்லர்க்காரர் சென்னியப்பனுக்கும் கொடுத்தேன். சாயத்தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற ஜெபமலர் மேடம் மேசைமேல் வைத்திருந்த பொட்டலம் பார்க்க அப்படியே சுக்குமல்லித் தூள்தான். அதே தவிட்டு நிறம், அதே கரகரப்பு. வெல்லம் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தேன். முதலாளி, "துளசிமணி, இன்னைக்கு காபி மணமா இருக்குது" என்று இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். அதற்கப்புறம்தான் மேடம் வந்து, "அக்கா, ஒரு பொட்டலம் குறையுதே, பாத்தீங்களா?" என்றார். எலியாக இருக்கும் என்றேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளிதான் இன்று காலையில் வயிறு லேசாக இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சாயத்தண்ணீரையே சுத்தம் பண்ணுகிற பூச்சிகளுக்கு முதலாளி வயிறு எம்மாத்திரம்.

பூச்சி என்று சொல்லக்கூடாதாம். பாக்டீரியா என்று சொல்லவேண்டுமாம். ஆனால் அவற்றுக்குத் தீனி போடுகிறது நான்தான். போடுகிறவள் வைக்கிறதுதான் பேர்.

எங்கள் சாயப்பட்டறை மங்கலம் ரோட்டில் இருக்கிறது. பனியன் துணியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று முக்கி எடுத்த பிறகு மிச்சமாகிற தண்ணீரைப் பெரிய தொட்டியில் விடுகிறோம். முன்பெல்லாம் அதில் சுண்ணாம்பைக் கொட்டுவோம். அது கலங்கிக் கிடக்கும். இப்போது பூச்சிகளை வளர்த்து விட்டிருக்கிறோம். சாயத்தையும் அழுக்கையும் அவை தின்றுவிடும். அடியிலிருந்து புளோயர் ராப்பகலாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். அது பூச்சிகளுக்கு மூச்சு.

இந்தப் புரட்டாசி இருபத்தேழாம் தேதி மாசுக் கட்டுப்பாட்டு போர்டு ஆபீசர் வந்து தொட்டித் தண்ணீரைச் சாம்பிள் எடுக்கிறார். பாசானால் பட்டறை ஓடும். பெயிலானால் சீல். இது கடைசி வாய்ப்பு என்று நோட்டீசிலேயே போட்டிருக்கிறது.

பட்டறையை மூடினால் எல்லாருக்கும் வேலை போகும். எனக்குக் கூடவே வீடும் போகும். ஆடி மாசம் பெங்களூரிலிருந்து வந்த என் மகன் பிரபாகரன், "தனியா இருந்து என்ன பண்றே, எங்களோட வந்துரு" என்று பிடிவாதம் பிடித்தான். "பட்டறை ஓடுற வரைக்கும் வரமாட்டேன், மூடுனா அடுத்த நாளே வந்தர்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன். அவன் வீடு பதினோராவது மாடியில். அங்கே பக்கத்து வீட்டுக்காரியிடம் வம்பு பேச வேண்டும் என்றால்கூடப் போன் பண்ணிவிட்டுத்தான் போகவேண்டுமாம்.

புரட்டாசி 11, சனி

மேடம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டுத் தண்ணீர்தான். உள்ளே திருவிழாக் கூட்டம். காம்பு வைத்த மணி மாதிரி சில உருப்படிகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.

"இது பாக்டீரியா இல்லைக்கா, அதைத் திங்கிறது. இந்த மணி ஆடிக்கிட்டு இருந்தா தொட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார் மேடம். அவருக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் பேச்சைக் கேட்டு அவர் சிரிக்கிறார், அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரிக்கிறோம். சம்பளம் தனி.

சென்னியப்பனையும் பார்க்கச் சொன்னார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னங்க தெரியுது?" என்றேன்.

"மாரியம்மன் நோம்பியாட்டம் இருக்குதுங்."

"அந்த மூலையில பாருங்க. ஒருத்தன் யார்கிட்டயும் பேசாம தனியா நிக்கிறான். உங்க சொந்தக்காரனுங்களா?"

அவர் காது சிவந்துவிட்டது. பாய்லர் சூட்டில் இத்தனை வருசம் நின்றும் சிவக்காத காது. இந்த மனிதரைச் சீண்டுவதற்கென்றே நான் வேலைக்கு வருகிறேன் என்று மேடம் சொல்கிறார். நான் சம்பளத்துக்குத்தான் வருகிறேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

மகன் போன். "இன்னும் மூடலையா?" "இல்ல சாமி." "சரி." வாராவாரம் இதே மூன்று வார்த்தை. சீல் வைக்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு அவசரம் இல்லை.

புரட்டாசி 14, செவ்வாய்

தொட்டி அருமையாக இருக்கிறது. அளவு ஜாடியில் தண்ணீரை மொண்டு வைத்தால் வண்டல் கீழே படிந்து, மேலே பளிச்சென்று நிற்கிறது. வண்டல் என்றால் அழுக்கு இல்லை. பூச்சிகள் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு படிகின்றனவாம். சனம் ஒற்றுமையாக இருக்கிறது.

ஆயுத பூஜை லீவுக்கு மேடம் ஊருக்குப் போகிறார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்களை நம்பித்தான் போறேன். புளோயர் மட்டும் நிக்கப்புடாது. காத்து நின்னா எல்லாம் செத்துரும். வெள்ளிக்கிழமை வந்துருதேன்."

"நீங்க போயிட்டு வாங்க மேடம். நான் இருக்கையில எந்தக் காத்து நிக்கும்?"

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

காலையிலிருந்து கழுவல். சாய மெசின், பாய்லர், தராசு, மண்வெட்டி, முதலாளி கார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மைக்ராஸ்கோப்புக்கு முதலாளியே தன் கையால் பொட்டு வைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன் கண்ணிலேயே வைத்துவிட்டார்.

தொட்டிக்குப் போனதும், "புளோயரை நிறுத்து துளசிமணி. ஓடுற மெசினுக்கு எப்புடி மாலை போடறது?" என்றார்.

"மேடம் நிறுத்தப்புடாதுன்னுட்டுப் போயிருக்குதுங்க."

"அட, கற்பூரம் காட்டற வரைக்கும்தான். வருசம் பூராம் ஊதுது. சாமி முன்னாடி ஒரு நிமிசம் இருமாம சும்மா நிக்கட்டும்."

நிறுத்தினேன். சம்பங்கி மாலை போட்டேன். நல்ல கனமான மாலை. என் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒன்று போடவில்லை. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை பிரித்துக் கொடுத்து எல்லாரும் கிளம்பினார்கள். கதவடைக்கிற வேலை எனக்கு. சென்னியப்பன் பொரிப் பையோடு நின்று என்னமோ கேட்டார். நான் என்னமோ சொன்னேன். என்ன என்று ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புரட்டாசி 16, வியாழன்

லீவு. கொள்ளுப் பருப்பு கடைந்தேன். மத்தியானம் முழுக்க எதையோ மறந்த மாதிரியே இருந்தது. இரண்டு தரம் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

புரட்டாசி 17, வெள்ளி

அடுப்பு இல்லை. புளோயர்.

கேட்டுக்கு வெளியிலேயே நாற்றம் வந்துவிட்டது, அழுகின முட்டை மாதிரி. உள்ளே போனால் தொட்டி கன்னங்கரேல் என்று கிடக்கிறது. ஒரு குமிழி இல்லை. புளோயர் மட்டும் மாலையும் பொட்டுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேனைக் கேட்டால், "மறுபூசை போடாம சாமி மெசினைத் தொடலாமுங்ளா?" என்கிறார். மறுபூசை போடவேண்டிய முதலாளி நேற்று மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறார்.

மேடம் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி ஓரம் வந்து நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தானுங்க. போட மறந்துட்டேன்" என்றார் சென்னியப்பன். அவர் வேலை பாய்லரில். புளோயர் சுவிட்சு எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது. பொய் சொல்லுகிறவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டா சொல்லுவார்?

"இல்ல மேடம், நான்தான் நிறுத்துனேன், நான்தான் போடாம போனேன்" என்றேன்.

"அவளை வையாதீங்க. நிறுத்தச் சொன்னது நானு" என்றார் முதலாளி.

"மூணு பேரும் பேசி யாருன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று மேடம் மைக்ராஸ்கோப் பக்கம் போனார். அதன் கண்ணில் சந்தனம். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கண் கலங்கியது.

பொட்டலத் தூளைப் போட்டு முதலிலிருந்து வளர்த்தால் இருபத்தேழுக்குள் ஆகாதாம். வேறு பட்டறையில் உயிரோடு இருக்கிற வண்டலை ஒரு டேங்கர் வாங்கி ஊற்றினால் பிழைக்க வழி இருக்கிறது. பாலுக்கு உறை மோர் விடுகிற மாதிரிதான். "இதே சாயம் தின்னு பழகுன வண்டல் வேணும். பக்கத்துல யார்கிட்ட இருக்கு?" என்றார் மேடம்.

முதலாளி வானத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரியும். அடுத்த பட்டறைதான். அது முதலாளியின் சகலை வெள்ளியங்கிரியுடையது. முதலாளி வீட்டுக்கார அம்மாவின் தங்கச்சி ரத்தினாவைக் கட்டினவர். முதலாளி மகள் காதுகுத்தில் மைக் வைத்து எல்லாச் சொந்தம் ஒறம்பரையையும் பேர் சொல்லிப் பந்திக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளியங்கிரி பேரை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர் பந்திக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போனவர்தான். அன்றிலிருந்து இரண்டு பட்டறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் வருசா வருசம் உயர்ந்துகொண்டே போகிறது.

முதலாளி போகமாட்டேன் என்றார். நான் போனேன்.

ரத்தினா அம்மணி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "வெள்ளிக்கெழமை ஊட்டுல இருந்து ஒண்ணும் வெளிய குடுக்கமாட்டோமுங்க்கா."

"அம்மணி, நான் கேக்கறது சாக்கடைத் தண்ணி மாதிரி ஒண்ணு."

"எதா இருந்தா என்னங்க? அதுதான் எங்க பட்டறைக்குச் சோறு போடுது. மகாலட்சுமியப் போயி வெள்ளிக்கெழமை தூக்கிக் குடுப்பாங்களா?"

மகாலட்சுமி இப்படி நாறுவாள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. உள்ளேயிருந்து வெள்ளியங்கிரி சத்தம் போட்டார்: "எந்தக் கெழமையும் இல்ல! மைக்குல கூப்புடச் சொல்லு, அப்பப் பாக்கலாம்!"

புரட்டாசி 18, சனி

முதலாளி ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார் போல. கண் வீங்கியிருந்தது. "துளசிமணி, மைக்கு யார்கிட்ட கெடைக்கும்?" என்றார்.

மைக் கட்டி உப்பு விற்கிற ஆட்டோவை மறித்து நிறுத்தினேன். வெள்ளியங்கிரி பட்டறை கேட்டு முன்னால் ஆட்டோவைப் போட்டு, முதலாளி கையில் மைக்கைக் கொடுத்தோம். ரோட்டில் போனவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"அன்பான... ம்... எங்கள் சகலை வெள்ளியங்கிரி அவர்கள்..." முதலாளி அதற்கு மேல் போகாமல் மைக்கைத் தட்டினார். டிரைவர் உதவி பண்ணுவதாக நினைத்து ஏதோ பட்டனை அமுக்கினார். "உப்பேய்! கல்லுப்பேய்! தூளுப்பேய்!" என்று ரிக்கார்டு கத்தியது. அது அடங்கியதும் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்: "எங்கள் சகலை வெள்ளியங்கிரி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே பந்திக்கு வரவும்!"

கேட் திறந்தது. வெள்ளியங்கிரி வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். அதற்கென்றே காலையில் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"வந்துட்டேன். பந்தி எங்க?"

அதை யாரும் யோசிக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். என் தூக்குப்போசியில் தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் இருந்தன. எங்கள் பட்டறைக்குக் கூட்டிவந்து, தொட்டிச் சுவர்மேல் வாழை இலையைக் கிழித்துப்போட்டுப் பரிமாறினேன். அந்த நாற்றத்திலும் மனிதர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். முதலாளி பக்கத்தில் நின்று விசிறினார். கடைசியில் இலையை மூடிவிட்டு, "தயிருதான் கொஞ்சம் புளிப்பு. சகல, டேங்கரைக் கொண்டாரச் சொல்லு" என்றார். முதலாளியும் அவரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் மூக்கைச் சிந்தினார்கள். நாற்றம்தான் காரணம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

ரத்தினா அம்மணி டேங்கர் குழாய்க்குப் பொட்டு வைத்து, வெற்றிலை பாக்கோடு அனுப்பினார். "சனிக்கெழமை எண்ணெயும் இரும்பும்தானுங்க குடுக்கப்புடாது, பூச்சி குடுக்கலாம். பத்தரமா பாத்துக்குங்க. பொறந்த ஊட்ட நெனச்சு ஏங்கிரும்."

"அது வெறும் வண்டல்தானே அக்கா?" என்று மேடம் என் காதில் கேட்டார்.

"பேசாம வெத்தலைய வாங்குங்க மேடம்."

புரட்டாசி 19, ஞாயிறு

மகன் போன். "மூடியாச்சா?" "ஒறம்பரை வந்திருக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

புரட்டாசி 21, செவ்வாய்

காற்று, வெல்லத் தண்ணீர், யூரியா. காற்று, வெல்லத் தண்ணீர், யூரியா. பிள்ளை பெற்றவளுக்குக்கூட இவ்வளவு பத்தியம் பார்த்ததில்லை. தொட்டி இன்னும் கருப்புத்தான். சம்பங்கி மாலையைப் புளோயரில் இருந்து நானே கழற்றிக் குப்பையில் போட்டேன். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவருக்கு மூச்சு முட்டாது.

மேடத்துக்கு நான் நெய் ஊற்றித் தோசை சுட்டுக்கொண்டு போனேன். இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. தோசையைச் சாப்பிட்டார். சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். முன்னேற்றம்தான்.

புரட்டாசி 23, வியாழன்

நாற்றம் குறைந்திருக்கிறது. அல்லது நமக்குப் பழகிவிட்டது. சகலை இரண்டு பேரும் தொட்டி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் கருப்பா பழுப்பா என்று சண்டை போடுகிறார்கள்.

புரட்டாசி 24, வெள்ளி

சென்னியப்பனைப் பெருந்துறையில் ஒரு பட்டறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இங்கே மூடினால் அங்கே போகவேண்டியதுதான் என்று வாட்ச்மேன் சொன்னார். அவர் என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் எதற்குச் சொல்லவேண்டும்.

இன்று வேண்டுமென்றே அவரைச் சீண்டவில்லை. சாயங்காலம் அவரே வந்து, "ஒடம்பு கிடம்பு சரியில்லீங்ளா?" என்று கேட்டார்.

ஆயுத பூஜை அன்று அவர் கேட்டது என்ன என்று இப்போது ஞாபகம் வந்துவிட்டது. "பட்டறைய மூடிட்டா நீங்க பெங்களூரு போயிருவீங்ளா?" என்று கேட்டார். போய்விடுவேன் என்றேன். பொரியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே, "அப்ப மூடப்புடாதுங்க" என்றார். அவ்வளவுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். இதில் ஞாபகம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது.

புரட்டாசி 26, ஞாயிறு

மணி ஆடுகிறது!

மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சந்தனம் துடைத்த மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். காம்பு வைத்த மணி ஒன்று, ரத்தினா அம்மணி வீட்டுச் சீதனம், தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. தொட்டி பழுப்பாகிவிட்டது, நல்ல நாட்டுச் சர்க்கரை நிறம். "எங்க ஊட்டு வண்டலாக்கும்" என்று வெள்ளியங்கிரி மீசையைத் தடவினார். "எங்க ஊட்டு வெல்லமாக்கும்" என்றார் முதலாளி. நல்லவேளை, மறுபடி சுவரை உயர்த்தவில்லை.

மகன் போன். "நாளைக்குச் சாம்பிள்" என்றேன். "அப்ப டிக்கெட் பாத்து வைக்கட்டுமா?" என்கிறான். பிள்ளை பாசம்.

புரட்டாசி 27, திங்கள்

ஆபீசர் வந்தார். நான் சாமி கும்பிடவில்லை. போன தடவை கும்பிட்டதே போதும். அவர் இரண்டு பாட்டிலில் மொண்டு, மூடி சீல் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ரிசல்ட் வாரக் கடைசியில்.

சென்னியப்பன் பாய்லரை இன்றைக்கு மூன்று தரம் துடைத்தார். அது எரியவே இல்லை.

புரட்டாசி 30, வியாழன்

ஒன்றும் இல்லை. துணிகளை எடுத்து மடித்தேன். பெட்டியில் வைக்கவில்லை. சும்மா மடித்தேன்.

ஐப்பசி 1, சனி

பாஸ்.

முதலாளி வெடி வாங்க ஓடினார். பட்டறைக்குள் வெடி வைக்கக்கூடாது என்று மேடம் விரட்டினார். வெள்ளியங்கிரி உப்பு ஆட்டோவை மறுபடி கூட்டிக்கொண்டு வந்து, எல்லாரையும் பேர் சொல்லி மைக்கில் பந்திக்குக் கூப்பிட்டார். வாட்ச்மேன் பேரை விட்டுவிட்டார். நான் ஓடிப்போய்ச் சொல்லித் திருத்தினேன். இன்னொரு சுவரை நம்மால் தாங்க முடியாது.

சென்னியப்பன் எதிர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பெருந்துறைக்கு வரவில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். நான் அவர் இலையில் இன்னொரு வடை வைத்தேன்.

ஐப்பசி 2, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பூச்சிகளுக்கு லீவு கிடையாது, அதனால் எனக்கும் கிடையாது. தொட்டிமேல் நடைபாலத்தில் நின்று வெல்லத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சர்ச்சுக்குப் போய்விட்டு மேடம் நேராக வந்திருந்தார். பாய்லர் அணைந்து கிடக்கிறது, சென்னியப்பனுக்கு இன்று இங்கே ஒரு வேலையும் இல்லை. வந்திருந்தார்.

போன் அடித்தது. மகன்.

"என்னம்மா, மூடியாச்சா?"

"பாசாயிட்டோம் சாமி."

"அப்ப நீ வரவே மாட்டியா? உம் மருமக ரூமெல்லாம் ஒதுக்கி வெச்சிருக்கறா. பாத்ரூம்ல உனக்குன்னு புடிச்சு எந்திரிக்கக் கம்பி போட்டிருக்கறேன்..." அவன் பேசிக்கொண்டே போனான்.

சென்னியப்பன் பாலத்தின் அந்தக் கடைசியில் நின்றுகொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக் கேட்டார்: "போறீங்ளா?"

இல்லை என்று கையை ஆட்டினேன். போன் அந்தக் கையில்தான் இருந்தது.

தொட்டியில் விழுந்தது. விழுகிற வரைக்கும் மகன் பேசிக்கொண்டுதான் இருந்தான். விழுந்த இடத்தில் குமிழி வந்தது. அங்கே எப்போதும் குமிழி வரும். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, இதனால் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது என்றார். சென்னியப்பன் வலை எடுத்துவரப் போனார்.